பழமைவாதி என்றொரு வசைச்சொல்

போன மாதம் ஒரு புத்தக வெளியீட்டு விழா முடிந்ததும் நாலைந்து பேர் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணியில் வந்து நின்றது. கல்தூண்களில் மணலைப் பீய்ச்சி அடித்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்கள், பிராகாரத்துப் பழைய பாவுகற்களைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். “இருந்ததை இருந்த மாதிரியே விட்டிருக்கலாம்” என்றேன். கூட நின்ற தம்பி ஒருவர், நிறைய வாசிப்பவர், என் மேல் பிரியமுள்ளவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: “அண்ணே, கொஞ்சம் கொஞ்சமா சங்கியா மாறிட்டு வர்றீங்களே, கவனிச்சீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்? ஒரு தூணைச் சுரண்டாதே என்றேன். இதையே ஓர் ஏரியைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான் சூழலியல் ஆர்வலன். பழைய சினிமா நெகட்டிவ்களைப் பற்றிச் சொல்லியிருந்தால் ரசனைக்காரன். நாட்டு விதைநெல்லைப் பற்றிச் சொல்லியிருந்தால் நம்மாழ்வார் வழி வந்தவன். தூண் கோயிலில் நின்றுகொண்டிருந்ததால் சங்கி. ஒரே ஆள், ஒரே மனசு, ஒரே வாக்கியம். பொருள் மாறியதும் பெயர் மாறிவிட்டது.

தமிழில் அரசியல் பேசுகிற இளைஞர்களிடம் ‘பழமைவாதி’ என்பது இன்றைக்கு ஒரு நிலைப்பாட்டின் பெயராக இல்லை. சாதிவெறியன், மதவெறியன், பெண்ணடிமைக்காரன் எல்லோரையும் ஒரே பையில் போட்டுக் கட்டி மேலே ஒட்டுகிற லேபிள் அது. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்காக வக்காலத்து வாங்குகிறது. எந்தக் கட்சிக்காகவும் வாங்கவில்லை. அந்தச் சொல்லை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பழமைவாதம் என்று சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். நாம் உண்டாக்காத, தொலைத்தால் நம்மால் திரும்ப உண்டாக்க முடியாத ஒன்றின் மேல் கடப்பாரையை வைப்பதற்கு முன்னால், இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்பது. கேட்ட பிறகு இடிக்க வேண்டியதாகவும் இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டும். இவ்வளவுதான். இது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் என் முதல் வாதம்.

*

2017 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். இதை வாசிக்கிற பலர் அப்போது கல்லூரியில் இருந்திருப்பீர்கள், சிலர் பள்ளிக்கூடத்தில். அலங்காநல்லூரில் மூண்டது மெரினாவுக்கும் தமுக்கத்துக்கும் கோவை வ.உ.சி. மைதானத்துக்கும் பரவியது. தெருவிளக்கு அணைந்தபோது செல்போன் வெளிச்சத்தில் கடற்கரை மின்னியது. கட்சிக்காரர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. நம் தலைமுறை தன்னைத் தானே பார்த்து வியந்த ஒரு வாரம் அது.

அது எதற்கான போராட்டம்? 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. தடை கேட்டவர்களின் வாதம் என்னவாக இருந்தது? மாட்டுக்கு வலிக்கிறது, வலியைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது, மரபு என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. நேர்மையாகச் சொல்லுங்கள், இது முற்போக்கு வாதமா இல்லையா? வழக்கத்தின் பெயரால் நடப்பதை அறத்தின் பெயரால் நிறுத்தச் சொல்கிற வாதம். பால்ய விவாகத்துக்கும் தேவதாசி முறைக்கும் எதிராக வைத்த அதே அமைப்புள்ள வாதம்.

மணலில் உட்கார்ந்தவர்கள் சொன்ன பதில் என்ன? எங்கள் முப்பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறது. கலித்தொகையில் ஏறு தழுவுதல் இருக்கிறது. ஊருக்கு வெளியே நிற்கிறவன் சட்டப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஊருக்குள் இருப்பதை அளக்காதே. இது போனால் நாட்டுக் காளை போகும், காளை போனால் அதை வளர்க்கிறவன் போவான், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, ஒரு நூலை மட்டும் உருவ முடியாது.

இதைவிடச் சுத்தமான பழமைவாதத்தை நான் வாசித்ததில்லை. 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டி எட்மண்ட் பர்க் எழுதிய புத்தகத்தின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: ஒரு தலைமுறையின் தர்க்கத்தைவிடப் பல தலைமுறைகளின் பழக்கத்துக்குள் அதிக அறிவு ஒளிந்திருக்கலாம். மெரினாவில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பர்க்கை வாசித்திருப்பார்கள்? வாசிக்கத் தேவையே இருக்கவில்லை, அது அவர்கள் உடம்பிலேயே இருந்தது. ஜனவரி 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் நம் காலத்தில் வென்ற பெரிய இளைஞர் போராட்டங்களில் ஒன்று பழமைவாதப் போராட்டம். அதை அந்தப் பெயரால் அழைக்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. ‘இனமானம்’ என்றோம், ‘தமிழர் உரிமை’ என்றோம், ‘கார்ப்பரேட் சதிக்கு எதிர்ப்பு’ என்றோம்.

ஜல்லிக்கட்டு சரியா தப்பா என்பது இங்கே விஷயமில்லை. அன்றைக்கு நீங்கள் எந்த மனசோடு அங்கே போனீர்கள் என்பதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2013-இல் ஜெயமோகன் ஒரு நாளிதழ்க் கட்டுரையில், தமிழை ஆங்கில எழுத்துருவில் எழுதினால் என்ன என்று கேட்டார். எழுந்த கொந்தளிப்பு பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் உகர, ஊகார வரிசை எழுத்துகளை மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தபோதும் இதே கதைதான். இத்தனைக்கும் எழுத்துச் சீர்திருத்தம் பெரியார் கையில் எடுத்த விஷயம், 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அதில் ஒரு பகுதியை ஆணையாகவே போட்டது. நீங்களும் நானும் இன்றைக்கு ‘ணை’, ‘லை’ எழுதுவது அந்தச் சீர்திருத்தத்தின்படிதான். ஆனாலும் இதற்கு மேல் கை வைக்காதே என்று தீவிரத் தமிழ்ப் பற்றாளர்கள் முன்னால் வந்து நின்றார்கள். தர்க்கப்படி பார்த்தால் குழந்தைகள் கற்க வேண்டிய வடிவங்கள் குறையும், டைப் செய்வது சுலபமாகும், எல்லாம் லாபம். ஏன் எதிர்த்தோம்? எழுத்து போனால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாப் புத்தகமும் அடுத்த தலைமுறைக்கு அன்னியமாகிவிடும் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அந்த ‘ஏதோ ஒன்று’க்குத்தான் நான் பெயர் கேட்கிறேன்.

*

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் கூடுதலாக ஒரு கடன் இருக்கிறது.

1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் ராமசாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட கதை தெரிந்ததுதான். அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று ஐயர் பட்டியல் போட்டார். முதலியார் அசரவில்லை; சிந்தாமணி படித்தீர்களா என்றார். இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் வழக்கமாக முதலியாரின் நவீன மனத்தைப் புகழ்வோம். அதற்கு அடுத்து நடந்ததைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவோம். சிந்தாமணி ஐயருக்குப் புரியவில்லை. சமண சமயம் தெரியாமல் அது புரியாது. புரியவைத்தவர்கள் அதே கும்பகோணத்தில் இருந்த சமணர்கள். தங்களைச் சுற்றி உலகமே மாறிப்போன பிறகும், இந்த நூலைப் பாராயண நூலாக வீட்டில் வைத்து வழிவழியாக வாசித்து வந்த ஒரு சின்னக் கூட்டம். அவர்கள் ‘இதெல்லாம் இந்தக் காலத்துக்கு எதற்கு’ என்று ஒரே ஒரு தலைமுறை நினைத்திருந்தால் போதும். 1887-இல் வந்த பதிப்பு அந்த வடிவத்தில் வந்திருக்காது. திருவாவடுதுறை மடம் ஏடுகளைக் கட்டிவைத்துக்கொண்டு, மாணவர்களுக்குச் சோறும் போட்டுக்கொண்டிருந்ததால்தான் ஐயர் என்ற மாணவரே உருவானார். மடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து வேண்டுமானாலும் இருக்கட்டும். ஏடு அங்கே இருந்தது.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலிருந்து வந்த சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியதும் அதே 1887-இல்தான். நூற்று முப்பது ஆண்டு கழித்து மெரினாவில் நாம் கையில் பிடித்த பதாகையில் இருந்த கலித்தொகை, செல்லரித்த ஓலைக்குள்ளிருந்து இப்படித்தான் நம்மிடம் வந்தது.

இன்னும் கிட்டத்தில் வருவோம். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். பேராசிரியர் இல்லை, அரசியல்வாதி இல்லை. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டதையெல்லாம் காசு கொடுத்து வாங்கி வீட்டில் அடுக்கினார். 1992-இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அதன் வழியாகத்தான் சென்னையில் அவர் பெயரில் நூலகம் வந்தது. இன்றைக்கு இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அரசியலைப் பற்றி, அதுவும் முற்போக்கு அரசியலைப் பற்றி, ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த நூலகத்தின் படியேறாமல் இருக்க முடியாது. ஒரு பழைய பேப்பர் சேர்க்கிறவரின் பிடிவாதம் அது. வீட்டில் அவரை என்ன சொல்லித் திட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981-இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின என்கிறோம். அந்த நெருப்பை நினைத்து இன்றும் நம் வயிறு எரிகிறது இல்லையா? அந்த எரிச்சலும் பழமைவாதம்தான்.

*

சரி, இவ்வளவு இயல்பாக நம்மிடம் இருக்கிற ஒன்று எப்படி வசையாக மாறியது? ஒரு பங்கு திராவிட இயக்கத்தின் மொழிக்கு இருக்கிறது, அதற்கு நியாயமும் இருந்தது. பெரிய பங்கை நான் செய்திக்குக் கொடுப்பேன்.

செய்தி என்றால் இன்றைக்கு மாறியது. நேற்று இருந்தது இன்றும் இருக்கிறது என்றால் அது செய்தி கிடையாது. எண்ணூறு வருஷமாக ஓர் ஏரி தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது என்பதைப் பிரேக்கிங் நியூஸாகப் போட முடியுமா? கரை உடைந்தால்தான் கேமரா வரும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இரண்டு வாரம் எல்லாச் சேனலிலும் ஏரி, ஏரி, ஏரி. அதற்கு முன்னால்? தியாகராய நகர் என்ற ஊரே 1920-களில் நீண்ட ஏரி ஒன்றை வற்றவைத்து உண்டானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறந்தோம். நீரின்றி உலகம் அமையாது என்று சொன்ன ஆளுக்கு ஏரியை மூடி நினைவுச் சின்னம். ஏரியைத் தூர்வாரி, மதகைப் பார்த்து, கரையில் பனை வைத்துக் காப்பதற்குக் குடிமராமத்து என்று ஊருக்குள் ஒரு முறை இருந்தது. அது மெள்ள மெள்ளச் செத்தது. சாகிற ஒவ்வொரு வருஷமும் அது செய்தியாக இல்லை.

ஆகவே செய்தி ஊடகம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் பிழைப்பு மாற்றத்தில் இருக்கிறது. இருப்பது அதற்குச் சலிப்பு. இதில் வலதுசாரிச் சேனல், இடதுசாரிச் சேனல் என்ற வித்தியாசமே கிடையாது. ராத்திரி எட்டு மணி விவாதத்தில் ‘பண்பாட்டைக் காப்போம்’ என்று கத்துகிறவரும் காலையில் புதிதாக ஒரு கோபம் கிடைத்ததால்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு வேறு கோபம். நான்கு பெட்டிக்குள் நான்கு முகம், கீழே ஓடுகிற சிவப்புப் பட்டை, இருபது நிமிஷம். மறுநாள் அதில் ஒரு முப்பது விநாடியை வெட்டி ‘கதறவிட்ட’ என்று தலைப்புப் போட்டு யூடியூபில் ஏற்றுகிறார்கள். இதில் பண்பாடு எங்கே இருக்கிறது, காப்பது எங்கே இருக்கிறது?

எதிர்ப்பக்கமும் அப்படியே. ஒருவர் ஒன்று சொன்னதும் அவர் எந்தக் கூடாரம் என்று கண்டுபிடித்துவிட வேண்டும். பிறகு அவர் சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை. டீக்கடையில் என்னைப் பார்த்து அந்தத் தம்பி கேட்ட கேள்வி அவருடையது இல்லை. டைம்லைன் அவருக்குக் கற்றுக்கொடுத்த அனிச்சைச் செயல். கொசு வந்தால் கை தானாக எழுகிற மாதிரி.

இதற்கு நேரெதிராக ஒரு சம்பவம் சொல்கிறேன். 2015-இல் ஓர் ஆங்கில நாளிதழின் ஆசிரியர் கடிதப் பகுதியில், நம் புராதனச் சின்னங்களின் நிலைமையைப் பற்றி ஒரு சின்னக் கடிதம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. வழக்கு ஆறு வருஷம் ஓடி, 2021 ஜூனில் 75 உத்தரவுகளோடு தீர்ப்பு வந்தது. எந்த எட்டு மணி விவாதமும் ஒரு தூணையாவது காப்பாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கடிதம் யாரையும் கதறவிடவில்லை. மூலையில் வந்தது, வேலை செய்தது.

*

இப்போது என் பக்கத்து ஆட்களுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலின் தெற்குச் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. உண்டு என்கிறேன், உண்டா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் தமிழ் ஐயா ஒரு சனிக்கிழமை எங்களை அங்கே கூட்டிப்போனார். குடத்துத் தண்ணீரைச் சுவரில் ஊற்றினார். கல் ஈரமானதும் எழுத்து கறுப்பாக எழும்பி வந்தது. யாரோ ஒருத்தர் இந்தக் கோயிலில் ஒரு நொந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுத்தார் என்று வாசித்துக் காட்டினார். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, கிழடாகாத ஆடு. நாங்கள் சிரித்தோம். “ஏன்டா, ஆடு சாகாதா?” என்று ஐயாவே கேட்டுவிட்டு விளக்கினார். ஆடு சாகும், குட்டி போடும். ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். எந்த ஆடு என்பது கணக்கில்லை, விளக்கு அணையக்கூடாது. சோழர் காலத்துக் கோயில்களில் இப்படி நூற்றுக்கணக்கில் கல்வெட்டு இருக்கிறது என்றார்.

இந்தத் திருப்பணியில் அந்தச் சுவரிலும் சாண்ட் பிளாஸ்டிங் செய்தார்கள். மணலை வேகமாகப் பீய்ச்சும்போது கல்லின் மேல்தோல் உரிகிறது. ஆயிரம் வருஷ எழுத்தின் விளிம்பு அந்தத் தோலில்தான் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது பாதி வரி தடவினாலும் கைக்குத் தட்டுப்படவில்லை. மேல்பகுதியை மறைத்துக்கொண்டு கிரானைட் பலகை ஒன்று. நன்கொடையாளர்களின் பெயர், தொகையோடு. டியூப்லைட்டிலும் உபயம் எழுதியிருந்தது.

திருப்பணிக் குழுத் தலைவரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், என் அப்பாவுக்குத் தெரிந்தவர். நெற்றி நிறைய விபூதி. காலையில் எழுந்ததும் ‘நம் தர்மத்தை அழிக்கப் பார்க்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் எனக்கே செய்தி அனுப்புகிறவர். “சாமி இருக்கிற இடம் பளிச்சுன்னு இருக்க வேணாமா தம்பி?” என்றார். அவர் குரலில் கள்ளமே இல்லை.

இது எங்கள் ஊரோடு நிற்கிற விஷயமில்லை. அறநிலையத் துறையின் கீழ் 40,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தத் திருப்பணிகளின் தரத்தைப் பற்றி யுனெஸ்கோ குழு ஒன்று 2017-இல் கொடுத்த அறிக்கை கடுமையானது. பாரம்பரிய ஆணையச் சட்டம் என்று ஒன்றை 2012-இலேயே இயற்றிவிட்டு, பத்தாண்டுக்கு மேல் கிடப்பில் போட்டிருந்தோம். அரசைத் திட்டலாம், திட்ட வேண்டும். ஆனால் கோயிலை அரசிடமிருந்து மீட்போம் என்கிறவர்கள் மீட்டு என்ன செய்வார்கள்? எங்கள் ஊரில் மணல் பீய்ச்சியது பக்தர்களின் காசு, பக்தர்களின் ஆசை.

உ.வே.சா. தன் சரித்திரத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் நிறைய இருந்ததாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போகிறார். அங்கே இருந்தவர், பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்கிறது, அப்படியே செய்துவிட்டோம் என்கிறார். ஏடுகளை எரித்தது அன்னியன் இல்லை, நாத்திகன் இல்லை. ஆசாரத்தோடு, நெய் வார்த்து, மந்திரம் சொல்லி எரித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்த் தலைவர் அந்த வம்சம். பழமைக்கு அதன் எதிரியால் வந்த நஷ்டத்தைவிட, அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு அதை வாசிக்காதவனால் வந்த நஷ்டம் அதிகம். நீங்கள் பழமைவாதி என்ற சொல்லை வசையாக்கி எறிந்ததும் அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டவர்கள் இவர்கள்தான். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த என் தமிழ் ஐயா மாதிரி ஆட்களுக்கு அந்தப் பெயர் போய்ச் சேரவே இல்லை.

*

கேள்வி எனக்குத் தெரியும். ‘சாதியும் பழமைதானே அண்ணே? அதையும் காப்பாத்துவீங்களா?’

இந்தக் கேள்விக்கு மழுப்புகிற பழமைவாதி பேசவே கூடாது. ஆமாம், பழமை என்பதாலேயே சாதியைக் காத்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பழமைவாதத்துக்கு மூளையும் நாணயமும் உள்ள ஒரே ஒரு பெரிய தலைவர் இருந்தார் என்றால் அது ராஜாஜி. 1953-இல் அவர் கொண்டுவந்த பள்ளித் திட்டத்தில், பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் படித்துவிட்டு மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். கைத்தொழில் காக்கப்பட வேண்டியது என்று நினைத்தார், சரி. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தத் தொழில் என்பதைப் பிறப்பிடம் விட்டார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு காமராஜர் வந்து அதைத் தூக்கிப்போட்டதும் சரி. நெசவைக் காப்பது ஒன்று, நெசவாளியின் மகனைத் தறியில் கட்டுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் போனதுதான் அவருடைய தோல்வி. அந்தத் தோல்வியிலிருந்து தமிழ்ப் பழமைவாதம் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அதே ராஜாஜியின் ஆட்சியில்தான், 1939 ஜூலை 8-ஆம் தேதி, வைத்தியநாதையர் கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். சட்டம் அவர்களுக்குப் பின்னால் நின்றது. சனாதனிகள் கொதித்துப்போய், அம்மன் கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி வெளியே ஒரு வீட்டில் தனியாக மீனாட்சியை வைத்துப் பூஜை செய்தார்கள். யோசித்துப் பாருங்கள். கோயிலைக் காத்தது யார்? கதவைத் திறந்தவரா, கோயிலையே விட்டுவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்தவர்களா? இன்றைக்குச் சித்திரைத் திருவிழாவில் நிற்கிற லட்சக்கணக்கான ஜனம் திறந்த கதவின் வழியாக வந்த ஜனம். அந்த வீட்டு மீனாட்சியை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஐயா சொன்ன ஆட்டுக் கணக்குதான் இது. விளக்கு எரிய வேண்டும் என்றால் மந்தையை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நோய்கண்ட ஆட்டை விலக்குகிற இடையன் கொடைக்குத் துரோகம் செய்யவில்லை. செத்த ஆட்டைக் கயிற்றில் கட்டிவைத்துக்கொண்டு ‘பாருங்கள், 96 சரியாக இருக்கிறது’ என்கிறவன்தான் நெய் அளக்க முடியாமல் நிற்பான். சாதி நமக்கு அப்படிக் கட்டிவைத்த ஆடு. அதை அவிழ்த்துவிடு என்று கத்திய பெரியாரின் குரலில் எனக்குச் சண்டை இல்லை. மந்தை நாறுகிறது என்பதால் விளக்கையே ஊதி அணை என்று அந்தக் குரல் போன இடங்களில்தான் சண்டை.

*

இதில் என்ன பந்தயம் என்று கேட்கலாம். ஒரு சொல் கெட்டுப்போனால் என்ன, வேறு சொல் வைத்துக்கொள்ளலாமே?

சொல் இல்லாத இடத்தில் வெட்கம் வந்து உட்காருகிறது. பாட்டி பாடிய தாலாட்டைப் பதிவுசெய்து வைக்கலாம் என்று நினைக்கிற பையன், யாராவது சிரிப்பார்களோ என்று செல்போனை எடுக்கவில்லை. தெருவில் பழைய வீடு இடிகிறபோது அந்தத் தூணை, அந்த நிலையை எங்காவது எடுத்து வைக்கலாமே என்று சொல்ல நினைத்தவள், ‘பண்ணையார் வீட்டுக்கு அழுகிறாயா’ என்று கேட்பார்களே என்று பேசாமல் போகிறாள். எங்கள் ஊரில் அந்தச் சுவரில் மணல் அடித்த மூன்று நாளும் ஊரில்தான் இருந்தேன். மெஷின் சத்தம் வீடுவரை கேட்டது. கோயில் விஷயத்தில் நான் எதற்கு, யாராவது படம் எடுத்துப் போட்டால் என்ன பேர் வரும் என்று யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதைத்தான் யோசித்தேன். இந்தக் கட்டுரையின் கோபத்தில் பாதி என் மேல்.

பல கல்வெட்டுகளின் கடைசியில் ஒரு வாசகம் வரும். இந்தத் தர்மத்தைக் காக்கிறவன் எவனோ, அவன் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று கொடை கொடுத்தவர் சொல்லுவார். யாரைப் பார்த்துச் சொல்கிறார்? ஆயிரம் வருஷம் கழித்து அந்த வழியாக வரப்போகிற, பெயர் தெரியாத, சாதி தெரியாத, கட்சி தெரியாத ஒருவனைப் பார்த்து. அவன் காலில் முன்கூட்டியே விழுந்துவிட்டுப் போயிருக்கிறார்.

தம்பி, டீக்கடையில் நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். இல்லை, நான் சங்கியாக மாறவில்லை. பழமைவாதியாக இருந்திருக்க வேண்டிய மூன்று நாள் வீட்டுக்குள் இருந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். வடக்குச் சுவரை அவர்கள் இன்னும் தொடவில்லை. அதிலும் எழுத்து இருக்கிறது, ஐயா அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று வாசித்துக் காட்டவில்லை. நல்ல கேமரா உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் நான் கொண்டுவருகிறேன், வர்றீங்களா?